கொதிக்க விடக்கூடாத குடிநீர்

1991 மார்கழியில் எனக்கு ஜேர்மனியில் முதல் வேலை கிடைத்தது. டோட்முண்ட் நத்தார் சந்தையில் கோப்பை கழுவுகிற வேலை. கிழக்கு பேர்லின் வழியாக வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அகதி விண்ணப்பக்காரர் வேலை செய்யக்கூடாது என்ற தடை அந்த வருடம் ஆடியில்தான் எடுபட்டது. அதுவரை முகாமில் சீட்டு விளையாடிய கைகளுக்கு, மார்கழிக் குளிரில் சுடுதண்ணீர்த் தொட்டி சொர்க்கமாக இருந்தது.

மரக்கொட்டிலின் முன்பக்கம் குளூவைன், அதாவது மசாலை போட்டுச் சூடாக்கிய வைன், விற்றார்கள். பின்பக்கம் நான் நின்றேன். கோப்பைக்கு முற்பணம் வாங்கிக்கொள்வார்கள். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும். அப்படித் திரும்பி வந்த கோப்பைகள் எல்லாம் என் தொட்டிக்குள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் கராம்பு மணம், கறுவா மணம், தோடம்பழத் தோலின் மணம். கண்ணை மூடினால் யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் அம்மாவின் குசினிக்குள் நிற்பது போல இருக்கும். தடிமன் வந்தால் அம்மா கொத்தமல்லி, மிளகு, வேர்க்கொம்பு, திப்பிலி எல்லாம் போட்டு மூன்றில் ஒன்றாக வற்றக் குடிநீர் காய்ச்சி, பனங்கட்டியோடு தருவா. குடித்து முடித்தால் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மண்டி கிடக்கும்.

முதல் நாள் இரவு கொட்டில்காரர் எனக்கும் ஒரு கோப்பை நீட்டினார். முதல் மிடறு இனிப்பு. இரண்டாவது மிடறும் இனிப்பு. மூன்றாவதிலும் அதேதான். அம்மாவின் குடிநீருக்குள் யாரோ சர்பத்தைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். குடித்து முடித்து அடியைப் பார்த்தேன். ஒரு கராம்பு இல்லை, ஒரு துண்டுப் பட்டை இல்லை, சிவப்பாக ஒரு வளையம் மட்டும் இருந்தது. பிறகு பின்பக்கத்தில் அடுக்கியிருந்த பெரிய கொள்கலன்களைப் பார்த்தபோது விளங்கியது. எல்லாம் ஆலையிலேயே இனிப்பும் மணமும் கூட்டி வருகிறது. இங்கே சூடாக்குவது மட்டும்தான். அடியில் மண்டி இல்லாத ஒரு குடிநீர் எப்படி வந்தது என்ற கேள்வி அன்றைக்கு மனதில் விழுந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக, ஓய்ந்த நேரமெல்லாம் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன்.

பதிலின் முதல் துண்டு எங்கள் கீழ் வீட்டிலேயே கிடைத்தது. அங்கே ஒரு ஜேர்மன் மூதாட்டி தனியாக இருந்தார். என் பிள்ளைகள் ஓமா, அதாவது அப்பம்மா, என்று கூப்பிடத் தொடங்கி, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். சிலேசியாவில் பிறந்தவர். 1945இல் போர் முடிகிற நேரத்தில் பனிக்குள் தாயோடு நடந்து மேற்கே வந்தவர். அந்தப் பகுதி இப்போது போலந்தில் இருக்கிறது. ஊரை விட்டு வந்தவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அதற்குப் பெரிய மொழிப் புலமை தேவையில்லை. நான் சந்தையில் வேலை செய்கிறேன் என்று கேள்விப்பட்டதும் ஓமா சிரித்தார். "அங்கே விற்பது வர்ணத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், வைன் எப்படிச் சூடாக்குவது என்று காட்டுகிறேன்" என்றார்.

அவருடைய முறை இது. ஒரு சிறிய சட்டியில் அரைக் கோப்பைத் தண்ணீர், நாலு மேசைக்கரண்டி சீனி, இரண்டு துண்டு கறுவா, ஆறு கராம்பு, தட்டிய ஏலக்காய் இரண்டு. பத்து நிமிடம் கொதித்துப் பாகு போல வந்ததும் ஒரு தோடம்பழத்தின் தோலைச் சீவிப் போடுவார். வெள்ளைப் பகுதி விழுந்தால் கசக்கும் என்பதால் மெல்லியதாக. மருந்தடித்த பழமென்றால் தோலைத் தொடவே மாட்டார். பிறகு ஒரு லீற்றர் சிவப்பு வைனை ஊற்றி, அடுப்பை மிகச் சிறிதாக்கிவிட்டு, சட்டியை விட்டு அசையாமல் நிற்பார். மேலே ஆவி எழும்பி, விளிம்பில் கடுகு அளவு குமிழி தெரிந்ததும் நிறுத்தி மூடிவிடுவார். அரை மணி நேரம் ஊறிய பின் வடித்து, திரும்பவும் இளஞ்சூடு காட்டுவார்.

"கொதித்தால் அது வைன் இல்லை, சூப்" என்பார். காரணம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தூய மதுசாரம் 78 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். தண்ணீரோடு கலந்திருந்தாலும், சூடு ஏற ஏற முதலில் ஓடுவது அதுதான். வைனின் மணமும் கூடவே போய்விடும், மிஞ்சுவது புளிப்பும் துவர்ப்பும். அம்மாவின் குடிநீரில் வற்றக் காய்ச்சுவது இலக்கணம். இங்கே வற்றினால் கெட்டது. எந்த வைன் வாங்கவேண்டும் என்று கேட்டேன். "விலை கூடியதை இதற்குள் ஊற்றுகிறவனுக்குக் காசின் அருமை தெரியாது. மிக மலிவானதை ஊற்றுகிறவன் மறுநாள் தலையிடியில் அந்த மிச்சத்தைக் கட்டுவான்" என்றார்.

இவ்வளவும் நடந்து பல வருடத்துக்குப் பிறகு, நகர நூலகத்தில் அப்பீசியுஸ் என்ற பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலின் ஜேர்மன் மொழிபெயர்ப்பு கையில் கிடைத்தது. கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்டதென்று சொல்லப்படும் நூல். அதன் முதல் குறிப்பே மசாலை போட்ட வைன்தான். முதலில் 2 செக்ஸ்தாரியுஸ் வைனும் 15 இறாத்தல் தேனும் வெண்கலப் பாத்திரத்தில் ஏறுகின்றன. செக்ஸ்தாரியுஸ் என்பது ஏறத்தாழ அரை லீற்றர். ரோமானிய இறாத்தல் முந்நூற்றிச் சொச்சம் கிராம். காய்ந்த விறகின் மெல்லிய தீயில் கிண்டவேண்டும். பொங்கினால் கொஞ்சம் வைன் தெளிக்கவேண்டும், இறக்கி ஆறவிட்டுத் திரும்ப ஏற்றவேண்டும், நுரையை எடுக்கவேண்டும். அதற்குப் பிறகு அரைத்த மிளகு 4 அவுன்சு, மஸ்திக் பிசின், ஒரு வகை வாசனை இலை, குங்குமப்பூ, வறுத்த பேரீச்சங்கொட்டை ஐந்து, வைனில் ஊறிய பேரீச்சம்பழம். எல்லாம் முடிந்த பின்புதான் 18 செக்ஸ்தாரியுஸ் மென்மையான வைனை ஊற்றுகிறார்கள்.

அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு நூலக மேசையில் தனியாகச் சிரித்தேன். ஓமா செய்ததும் இதுதான். கொஞ்சம் திரவத்தை மட்டும் இனிப்போடு நன்றாகக் கொதிக்கவிட்டு, பெரும்பகுதி வைனைக் கடைசியில் சேர்ப்பது. சட்டி சூடு தாங்கும், வைன் தாங்காது என்பதை யாரோ ஒரு ரோமானியச் சமையல்காரன் பட்டறிந்திருக்கிறான். அதே நூலில் அடுத்த குறிப்பு வழிப்போக்கருக்கு உரியது. தேனில் மிளகைக் குழைத்துக் கட்டிக்கொண்டு போனால் போதும்; வேண்டிய நேரத்தில் வைனில் கரைத்துக்கொள்ளலாம்.

மிளகு என்றதும் எனக்குக் காது நீண்டுவிட்டது. அது எங்கிருந்து போனது என்பது தமிழ் படித்த எவருக்கும் தெரிந்த கதை. யவனரின் மரக்கலங்கள் முசிறிக்குப் பொன்னைக் கொண்டுவந்து கொடுத்து மிளகை ஏற்றிப் போனதை அகநானூறு சொல்கிறது. அங்கே மிளகுக்குப் பெயர் கறி. கொடுங்கல்லூருக்குப் பக்கத்தில் பட்டணம் என்ற ஊரில் 2007 தொடக்கம் நடந்த அகழ்வில் மத்தியதரைக் கடற்கரையின் மதுச்சாடி ஓடுகள் நிறைய வெளிவந்தன. அதுதான் முசிறி என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அரிக்கமேட்டிலும் அதே வகைச் சாடி ஓடுகள் உண்டு. எதிர்க்கரையில், எகிப்தின் செங்கடல் துறையான பெரெனிகேயில், ஒரு கோயிலுக்குள் புதைந்திருந்த இந்திய மண்சாடியில் ஏழரைக் கிலோ கறுப்பு மிளகு அப்படியே கிடந்தது. அவர்கள் வைனை அனுப்பினார்கள், நாங்கள் மிளகை அனுப்பினோம். நக்கீரர் புறநானூற்றில் பாண்டியன் அருந்தும் யவன மதுவைப் பாடும்போது அது குளிர்ச்சியும் மணமும் உள்ளதாக இருக்கிறது. எங்கள் வெயிலுக்கு அது சரி. அதே வைன் புறப்பட்ட கரையில் எங்கள் மிளகைப் போட்டு அடுப்பில் ஏற்றியிருக்கிறார்கள்.

அந்த வருட நத்தாருக்கு அப்பீசியுசின் குறிப்பை அளவு குறைத்து நானே செய்து பார்த்தேன். அரை லீற்றர் வெள்ளை வைன், கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தேன், 5 கிராம் மிளகு. மஸ்திக் கிரேக்கக் கடையில் கிடைத்தது. பேரீச்சங்கொட்டையை அப்பம் சுடும் தாச்சியில் வறுத்தேன். குசினி முழுக்க மிளகும் தேனும் மணத்து, மனைவி யன்னலைத் திறந்துவிட்டா. ரசத்தில் தேனை ஊற்றினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது, தொண்டை எரிந்தது, உதடு ஒட்டியது. ஓமா ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணில் நீரோடு, "இதற்கு மருத்துவர் சீட்டு வேண்டாமா?" என்று கேட்டார். என் தடிமன் மறுநாள் எடுபட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

அந்த எரிவுதான் என்னை அடுத்த கேள்விக்குக் கொண்டுபோனது. வைனைச் சூடாக்கி மசாலை போடும் பழக்கம் எப்படி வந்தது என்று இங்கே யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். அந்தக் காலத்தில் வைன் சீக்கிரம் புளித்துவிடும், அந்தப் பழுதை மறைக்க மசாலை போட்டார்கள் என்பார்கள். கொட்டில்காரரும் அதைத்தான் சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் பார்த்தால் உதைக்கிறது.

கி.பி. 1ஆம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி மிளகின் விலையை எழுதி வைத்திருக்கிறார். கறுப்பு மிளகு இறாத்தல் 4 தினாரியுஸ், வெள்ளை மிளகு 7, திப்பிலி 15. அம்மா குடிநீருக்கு அள்ளிப்போட்ட திப்பிலி ரோமில் கறுப்பு மிளகைப் போல ஏறத்தாழ நாலு மடங்கு விலை. 301ஆம் ஆண்டு தியோக்கிளேசியன் பேரரசன் எல்லாப் பொருளுக்கும் உச்ச விலை விதித்துக் கல்லில் வெட்டினான். அதில் சாதாரண வைன் ஒரு செக்ஸ்தாரியுஸ் 8 தினாரியுஸ். மசாலை வைன் 24. மிகப் பேர்போன பலேர்னிய வைனுக்கே 30தான். நாலாந்தர வைனைக் காப்பாற்ற அதைவிட விலை கூடிய சரக்கை யார் கொட்டுவான்? புளித்த வைனை வினாகிரியாக விற்கலாம், அடிமைகளுக்கு ஊற்றலாம். 408இல் கோத்தியத் தலைவன் அலாரிக் ரோமாபுரியை முற்றுகையிட்டபோது விலகிப்போகக் கேட்ட கப்பத்தில் பொன், வெள்ளி, பட்டோடு 3000 இறாத்தல் மிளகும் இருந்தது. அந்த மிளகு பழுதை மறைக்கப் பயன்பட்ட பொருள் என்று என்னால் நம்ப முடியவில்லை. விருந்தாளிக்கு முன்னால் அதைக் கரைத்து ஊற்றுவது வசதியைக் காட்டும் வழி. எங்களூர்க் கலியாண வீட்டுச் சோற்றில் முந்திரிகைப் பருப்பு மிதப்பது போல.

இடைக்காலத்திலும் இப்படித்தான். 1390 அளவில் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ரிச்சட்டின் சமையல்காரர்கள் தொகுத்த நூலில் இப்போகிராஸ் என்ற மசாலை வைன் இருக்கிறது. கறுவா, இஞ்சி, சித்தரத்தை இனம், கராம்பு, திப்பிலி, சாதிக்காய், ஏலம் என்று நாட்டு மருந்துக்கடைச் சிட்டை போல நீளும் பட்டியல். அதே காலத்தில், 1393 அளவில், பாரிசில் வயதான கணவன் ஒருவன் தன் இளம் மனைவிக்காக எழுதிய இல்லறக் கையேட்டிலும் அதற்குச் செய்முறை உண்டு. அரண்மனைச் சரக்கு வசதியான வீட்டுக் குசினிக்குள் காலெடுத்து வைத்துவிட்டது. பெயர்க் காரணம்தான் எனக்கு மிகப் பிடித்தது. மருத்துவர் இப்போகிறட்டிசின் சட்டைக் கை என்று அழைக்கப்பட்ட கூம்புத் துணிப்பை ஒன்றால் அதை வடிப்பார்களாம். எங்கள் தேத்தண்ணிக் கடைகளில் தொங்கும் அதே நீளப் பை. யாழ்ப்பாணத்தில் அதற்கு ஒரு மருத்துவர் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஜேர்மன் மொழியில் பணக்கார வியாபாரியைத் திட்ட இன்றும் ஒரு சொல் இருக்கிறது: மிளகுச் சாக்கு. அந்தச் சாக்கு எப்படி நிரம்பியது என்று தேடியபோது அவுக்ஸ்பேர்க் என்ற ஊரில் போய் நின்றேன். 1505இல் பிரான்சிஸ்கோ த அல்மெய்தாவின் தலைமையில் இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்த்துக்கேயக் கப்பல் தொகுதியில் அவுக்ஸ்பேர்க்கின் வெல்சர், பூகர் குடும்பங்கள் பணம் போட்டிருந்தன. வெல்சரின் ஆளாக அதில் பயணம் செய்த பல்தசார் ஸ்பிரெங்கர் திரும்பி வந்து பயண நூலும் எழுதினான். அந்த அல்மெய்தாவின் மகன் லூரென்சோதான் காற்றில் ஒதுங்கி இலங்கைக் கரையைத் தொட்டவன். 1505 என்றும் 1506 என்றும் சொல்வார்கள். எங்கள் பள்ளிச் சரித்திரப் புத்தகத்தில் அந்த வருடத்தை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருக்கிறேன். அந்தப் படையெடுப்பின் முதலீட்டில் அவுக்ஸ்பேர்க் காசும் கலந்திருந்தது என்று கரவெட்டியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இலங்கையில் அவர்கள் கண்டது கறுவா. போர்த்துக்கேயர் போய் 1656இல் கொழும்பு ஒல்லாந்தர் கைக்கு வந்தது, 1658இல் யாழ்ப்பாணமும் போனது. காட்டில் கறுவாப்பட்டை உரிப்பது சாலாகம சாதியாரின் தலையில் ஏற்றப்பட்ட கடமை. அவர்களின் முன்னோர் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தவர்கள் என்பது மரபு. ஒல்லாந்தக் கம்பனியின் அனுமதி இல்லாமல் பட்டை உரித்தாலோ விற்றாலோ மரண தண்டனை வரை போகும். 1760களின் கடைசியில் ஆளுநர் பால்க் காலத்தில்தான் கொழும்பில் மருதானைப் பக்கம் கறுவாவைத் தோட்டமாக நட்டார்கள். அதற்குச் சற்று முன், 1760இல், விலை இறங்காமல் இருக்க அம்ஸ்ரடாமில் கறுவாவைக் குவித்து எரித்தார்கள் என்று நேரில் கண்டவர் எழுதிய குறிப்பு உண்டு. இங்கே உரித்தவனுக்குச் சாவு, அங்கே எரித்தவனுக்கு இலாபம். சாதிக்காய்க்காக 1621இல் பண்டா தீவு மக்கள் பட்டது இதைவிடக் கொடுமை; ஒல்லாந்தக் கம்பனியின் யான் பீட்டர்சூன் கூன் அந்தத் தீவுகளையே ஆளரவம் இல்லாமல் ஆக்கினான். கராம்பின் கதையும் மொலுக்காத் தீவுகளில் அதே வழியில் போனது.

ஓமாவின் சட்டியில் மிளகு இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ரோமானியன் 4 அவுன்சு கொட்டிய இடத்தில் ஒரு மணியும் இல்லை. கடல்வழி திறந்த பின் மிளகு மலிந்தது. மலிந்த பொருளால் வசதியைக் காட்ட முடியாது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பணக்காரரின் சமையல் மசாலையை இறைச்சியிலிருந்தும் குழம்பிலிருந்தும் விலக்கத் தொடங்கியது. கறுவா, கராம்பு, சாதிக்காய் எல்லாம் இனிப்புக்குள் ஒதுங்கின. பிறகு அவை நத்தார்ப் பலகாரத்தோடு ஒட்டிக்கொண்டன. இங்கே நத்தார் மாக் கேக்குக்குச் சில ஊர்களில் மிளகு கேக் என்று பெயர். உள்ளே மிளகு இருக்காது. ஒரு காலத்தில் எல்லா மசாலைக்கும் மிளகே பெயராக இருந்ததன் மிச்சம் அது.

மசாலை மட்டும் மலிந்தால் போதாது, இனிப்பும் மலியவேண்டும். இந்த இடத்தில் ஓமாவின் ஊர் கதைக்குள் வருகிறது. 1747இல் மார்க்கிறாப் என்ற பேர்லின் வேதியியலாளர் பீற்றூட் இனத்துக் கிழங்கில் கரும்புச் சீனியே இருப்பதைக் கண்டுபிடித்தார். அவருடைய மாணவர் ஆகார்ட் 1801இல் கிழங்குச் சீனிக்கு முதல் ஆலை தொடங்கியது சிலேசியாவில், கூனெர்ன் என்ற கிராமத்தில். ஓமா பிறந்த இடத்திலிருந்து வண்டியில் போகக்கூடிய தூரம்தான். அதை நான் சொன்னபோது அவருக்கு அது புதினமாக இல்லை. "இலையுதிர் காலத்தில் எங்கள் தெருவெல்லாம் கிழங்கு வண்டி. விழுகிற கிழங்கைப் பொறுக்கிக்கொண்டு போய் அம்மா பாணி காய்ச்சுவார்" என்றார். தேன் இருந்த இடத்தில் கரும்புச் சீனி, கரும்புச் சீனி இருந்த இடத்தில் கிழங்குச் சீனி. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சாதாரண வீட்டு அலுமாரிக்கும் சீனி வந்துவிட்டது. ரயில் வந்ததும் குளிர்காலத்தில் தெற்கிலிருந்து தோடம்பழமும் வந்தது.

அந்த நூற்றாண்டின் நடுவில் இந்தப் பானம் எங்கே நின்றது என்று பார்க்க ஒரு குறிப்பு உண்டு. திரெஸ்டனுக்குப் பக்கத்தில் ராடபொய்ல் என்ற இடத்தில் அவுகுஸ்த் வொன் வாக்கர்பார்த் என்ற பிரபு 1834இல் குளூவைனுக்கு ஒரு செய்முறை எழுதி வைத்தார். கறுவா, இஞ்சி, பெருஞ்சீரக இனம், மாதுளை, சாதிக்காய், ஏலம், துளி குங்குமப்பூ. ஊற்றியது வெள்ளை வைன், ஏனென்றால் அந்த மலைச்சரிவில் விளைவது அது. சந்தையில் எல்லாம் சிவப்பாக இருப்பதைப் பார்த்து, சிவப்புத்தான் ஆதி முறை என்று நினைப்போருக்கு நான் இதைச் சொல்வதுண்டு. 1843இல் டிக்கன்ஸ் எழுதிய நத்தார்க் கதையின் முடிவில், திருந்திய கருமி தன் குமாஸ்தாவோடு உட்கார்ந்து குடிக்க விரும்புவதும் சூடான மசாலை வைன் ஒன்றைத்தான். அரசனின் மேசையிலிருந்து இறங்கிய பானம், சம்பளம் போதாத குமாஸ்தாவின் கணப்புவரை வந்துவிட்டது.

அடுத்த படி இறங்கியது திரும்பவும் அவுக்ஸ்பேர்க்கில். 1956இல் அங்கே ருடோல்ப் குன்ஸ்மன் என்ற வைன் வியாபாரி இனிப்பும் மசாலையும் சேர்த்த குளூவைனைப் போத்தலில் அடைத்து விற்றார். வைனில் சீனி சேர்ப்பது சட்டத்துக்கு விரோதம் என்று அவருக்குத் தண்டம் விதித்தார்கள். பிறகு ஊரே அவர் வழியில் வந்தது. நான் கோப்பை கழுவத் தொடங்கிய அதே 1991இல் ஐரோப்பியச் சமூகம் குளூவைன் என்றால் என்ன என்று சட்டத்தில் எழுதியது. சிவப்போ வெள்ளையோ வைனால் மட்டும் செய்யவேண்டும், முதன்மையாகக் கறுவாவோ கராம்போ மணக்கவேண்டும், தண்ணீர் ஊற்றிப் பெருக்கக்கூடாது. பிறகு வந்த 2014ஆம் ஆண்டு விதியிலும் அதுதான், மதுசாரம் 7 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பதோடு. அடியில் மண்டி இருக்கவேண்டும் என்று மட்டும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பழுதான வைனை மறைக்க மசாலை என்ற கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு இப்போது ஓர் ஊகம் இருக்கிறது. அது பழைய காலத்தின் கதை இல்லை, எங்கள் காலத்தின் கதை. ரோமில் வைன் மலிவு, மசாலை பொன். இன்று நான் ஒரு சட்டிக்குப் போடும் கறுவாவும் கராம்பும் ஏலமும் சேர்ந்து ஒரு ட்ராம் சீட்டின் விலைக்கு வராது; சட்டியில் விலை கூடிய பொருள் வைன். ஆகவே மலிவான வைனை எடுத்து இனிப்பாலும் மணத்தாலும் மூடுவது இன்றைக்கு இலாபம். தராசு தலைகீழாகக் கவிழ்ந்த பிறகு, இப்போதைய வழக்கத்தைப் பின்னோக்கி ரோமானியன் தலையில் கட்டிவிட்டார்கள்.

மலிவு கறுவாவையும் விடவில்லை. 2006இல் ஜேர்மன் அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் நத்தார்ப் பலகாரங்களில் கூமரின் என்ற பொருள் கூடிவிட்டதென்று எச்சரித்தது. அளவு மிஞ்சினால் சிலருக்கு ஈரலைத் தாக்கும். காரணம், கடைகளில் கறுவா என்ற பெயரில் பெரும்பாலும் இருந்தது காசியாப் பட்டை. எங்கள் நாட்டுக் கறுவாவில் கூமரின் மிகக் குறைவு. அந்த வாரம் ஓமா பத்திரிகையையும் தன் கறுவாப் போத்தலையும் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். நான் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். தடித்த ஒற்றைச் சுருள், மரத்துண்டு போல. பக்கத்தில், அக்கா கொழும்பிலிருந்து கொண்டுவந்த கறுவாவை வைத்தேன். சுருட்டு போல மெல்லிய தாள்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கும், விரலால் நசித்தால் நொறுங்கும். ஓமா இரண்டையும் மணந்து பார்த்தார். "இத்தனை வருடம் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள்" என்றார். அன்று தொடக்கம் அவருடைய கறுவா என் பொறுப்பு.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வடித்து முடிந்ததும் கறுவாத் துண்டுகளை எறிய மாட்டார். தண்ணீரில் அலசி, சமையலறை வெப்பமூட்டியின் மேல் ஒரு துணியில் பரப்பி உலரவிடுவார். இரண்டாவது ஞாயிறும் அதே துண்டு, மூன்றாவதில் புதியதோடு பாதி பழையது. போருக்குப் பிந்திய வருடங்களில் ஒரு கறுவாத் துண்டுக்கு எதையெல்லாம் மாற்றிக் கொடுத்தோம் தெரியுமா என்று கேட்பார். எதை என்று கடைசிவரை சொல்லவில்லை. நான் பை பையாகக் கொண்டுவந்து கொடுத்த பிறகும் அந்தத் துணி வெப்பமூட்டியின் மேல்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பாக இருக்கும். அம்மா தேயிலைச் சக்கையை இரண்டாம் முறை வடித்தது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு அடங்கிவிடும்.

ஓமா காலமாகி எட்டு வருடம். மார்கழி ஞாயிறுகளில் இப்போது மேல் வீட்டில் நாங்கள் காய்ச்சுகிறோம். பேரப்பிள்ளைகளுக்கு வைனுக்குப் பதில் சிவப்பு முந்திரிகைச் சாறு, சீனி இல்லாமல், மற்றதெல்லாம் அதேபோல. பெரியவர்களின் சட்டியில் நான் யாருக்கும் சொல்லாமல் ஆறு மிளகைத் தட்டிப் போடுகிறேன். மருமகன் ஜேர்மன் பிள்ளை. போன வருடம் ஒரு மிடறு குடித்துவிட்டு, "மாமா, இதில் ஏதோ உறைக்கிறதே?" என்று கேட்டான். "பழைய முறை" என்றேன்.

எல்லோரும் போன பின் வடியில் கிடப்பதைக் கொட்டப் போவேன். மண்ணிறத் தொட்டிக்குள், தோடம்பழத் தோலோடும் முட்டைக் கோதோடும் விழவேண்டிய குப்பை. கறுவா நாலு துண்டு, ஊதிப்போன கராம்பு, பிளந்த ஏலம், மிளகுத் தூள். கராம்பையும் தோலையும் கொட்டிவிடுவேன். கறுவாவை மட்டும் அலசி, வெப்பமூட்டியின் மேல் ஒரு துணியை விரித்து, ஒவ்வொன்றாக அடுக்கிவைப்பேன். அலுமாரியில் ஒரு கிலோ புதுக் கறுவா இருக்கிறது என்று மனைவி ஒவ்வொரு வருடமும் நினைவுபடுத்துவா.